அறுபதாம் நம்பரோட உள்தோல்

என் இடது கால் சுண்டுவிரல்ல ஒரு புண்ணு வந்துச்சு. அதே புண்ணு ரத்தக்குழாய்க்கு உள்ள வந்திருந்தா என்னைத் தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடியிருப்பாங்க. இடம் தெரியாம விரல்ல வந்துடுச்சு.

நான் செருப்புக் கடையில சேல்ஸ்மேன். இருபத்தாறு வருஷமா குட்டை ஸ்டூல்ல உக்காந்து அடுத்தவங்க காலைப் பிடிச்சு அளவு பாக்குறவன். ஒரு காலைத் தொட்டா போதும், என்ன சைஸ், எந்தப் பக்கம் கடிக்கும், எத்தனை மாசத்துல குதிகால் தேயும்னு சொல்லிடுவேன். என் காலைத்தான் நான் பாக்கிறது இல்லை. சர்க்கரை வந்து ஒன்பது வருஷம் ஆச்சு, பாதத்துல பாதிக்கு மேல உணர்ச்சி கிடையாது. வலிச்சாத்தானே குனிஞ்சு பாப்போம்.

மாசா மாசம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கணும். காலையில ஆறரைக்கே போனாலும் டோக்கன் நூத்தி நாப்பது. நூத்தி நாப்பதாவது ஆளைப் பாக்கும்போது டாக்டருக்கே சர்க்கரை இறங்கியிருக்கும். அப்படி நின்னுட்டிருந்த ஒரு நாள், பரீட்சை அட்டையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஒரு மேடம் வரிசை ஓரமா வந்தாங்க. மூணாவது மாடியில ஒரு ஆய்வு நடக்குது, ஐம்பத்தொன்பது பேர் சேந்தாச்சு, இன்னும் ஒரே ஒரு ஆள் வேணும், அங்க கியூ கிடையாதுன்னு சொன்னாங்க. என்ன ஆய்வுன்னு நான் கேக்கலை. கியூ கிடையாதுங்கற வார்த்தை காதுல விழுந்ததும் பின்னாடியே படியேறிட்டேன்.

என் மனைவி வீட்டுலயே தையல் வேலை செய்றா. விஷயத்தைச் சொன்னப்போ மெஷின்ல இருந்து தலையைத் தூக்காமலே, "கியூ இல்லைன்னு போர்டு போட்டா நீங்க கிணத்துல கூட இறங்குவீங்க"ன்னா.

மூணாவது மாடி வேற உலகம். ஏசி, மெத்தை வெச்ச நாற்காலி, தரையில கம்பளம். பெரிய டாக்டரே எழுந்து வந்து கை குடுத்தாரு. அவர் சொன்னதுல எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன். ரத்தக்குழாய்க்கு உள்பக்கம் மெல்லிசா ஒரு தோல் இருக்கு. அங்க எல்லாரும் அதை உள்தோல்னுதான் சொல்லுவாங்க, அதுவும் ஏதோ மாப்பிள்ளை வீட்டுக்காரங்களைப் பத்திப் பேசற மாதிரி மரியாதையா. சர்க்கரை ஏறினா இரும்புல துரு பிடிக்கிற மாதிரி அந்தத் தோல்லயும் ஒண்ணு நடக்குமாம். அதுல தோல் சிவந்து வீங்கிடுமாம். சர்க்கரையைக் குறைக்கிற மாத்திரை அந்தத் துருவையும் தடுக்குதா, வீக்கத்தையும் ஆத்துதாங்கறதுதான் ஆய்வு. பன்னெண்டு வாரம். எனக்கு நம்பர் அறுபது. அன்னையில இருந்து அங்க எனக்குப் பேரே அறுபதுதான்.

நல்ல விஷயம்தானேன்னு தோணுச்சு. இப்பவும் அப்படித்தான் தோணுது. மாத்திரை மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அது அது வேலையைப் பாத்துது.

பரிசோதனை ரூம் வாசல்ல ஒரு போர்டு. "உள்தோல் ஓய்வில் உள்ளது. அமைதி காக்கவும்." உள்ள மங்கலா ஒரு விளக்கு. எல்லாரும் சாக்ஸ் போட்ட காலோட பூனை மாதிரி நடப்பாங்க. கையில பட்டையைக் கட்டி அஞ்சு நிமிஷம் இறுக்கிட்டு, சட்டுனு விட்டுட்டு, குழாய் எவ்வளவு விரியுதுன்னு ஸ்கேன்ல பாப்பாங்க. அந்த நேரத்துல கவலைப்படக்கூடாது. கவலைப்பட்டா உள்தோல் சுருங்கிடுமாம். முதல் தடவை நான் தும்மிட்டேன். ஸ்கேன் பாத்துட்டிருந்த சின்ன டாக்டர் என்னைப் பாத்த பார்வையில, ஏதோ தூங்கிட்டிருந்த குழந்தையை நான் கிள்ளி விட்ட மாதிரி இருந்துச்சு. முக்கால் மணி நேரம் கழிச்சு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க.

அடுத்து சாப்பாட்டுப் பட்டியல். கீரை வேணாம், பழம் வேணாம், தக்காளி வேணாம், எலுமிச்சை வேணாம், டீ வேணாம். ஏன்னு கேட்டேன். இதுல எல்லாம் துருவைத் தடுக்கிற சத்து இருக்காம். நான் பாட்டுக்கு இதையெல்லாம் சாப்பிட்டு உள்தோல் தேறிட்டா, தேத்தினது மாத்திரையா கீரையான்னு தெரியாமப் போயிடுமாம். எதிர் ரூம்ல இருந்த சத்துணவு மேடம், அதே ஆஸ்பத்திரி, அதே மாடி, எனக்கு வேற ஒரு பட்டியல் குடுத்திருந்தாங்க. கீரை நிறைய, காய்கறி நிறைய. ரெண்டு பேப்பரையும் சின்ன டாக்டர்கிட்ட நீட்டினேன். அவர் நிதானமா விளக்கினாரு. எதிர் ரூமுக்குப் போகும்போது நான் நோயாளி, இந்த ரூமுக்கு வரும்போது பங்கேற்பாளர். நோயாளி கீரை சாப்பிடலாம், பங்கேற்பாளர் சாப்பிடக்கூடாது. சரி சார், வாய் ஒண்ணுதானே இருக்குன்னேன். அதையும் குறிச்சுக்கிட்டாரு.

மனைவி ரெண்டு பட்டியலையும் படிச்சுட்டு, ரெண்டுக்கும் பொதுவா இருந்த ஒரே ஐட்டமான வெந்நீரைக் கொண்டு வந்து முன்னாடி வெச்சா.

ஏழாவது வாரம் கடையில புது மாடல் ஷூ வந்துச்சு. ஊழியர்கள் அதைப் போட்டுக்கிட்டுத்தான் நிக்கணும்னு முதலாளி உத்தரவு. முனை குறுகலான ஷூ. அடுத்தவங்க கால்னா வேணாம்னு சொல்லியிருப்பேன். என் காலாச்சே, போட்டேன். நாலாவது நாள் சாக்ஸைக் கழட்டினா சுண்டுவிரல் பக்கம் ஈரம். வலியே இல்லை. மனைவிதான் குனிஞ்சு பாத்தா. பாத்துட்டு தையல் மெஷினை மூடி வெச்சா. அவ மெஷினை மூடினா அது பெரிய விஷயம்.

மறுநாளே மூணாவது மாடிக்குப் போனேன். அட்டை மேடம் பேனாவை எடுத்து வழக்கமான கேள்வியைக் கேட்டாங்க, கையில எதாவது தொந்தரவு உண்டான்னு. கையில இல்லைம்மா, கால்லன்னு சொல்லி செருப்பைக் கழட்டப் போனேன். அவ்வளவுதான், அந்தம்மா சட்டுனு முகத்தைத் திருப்பி கூரையைப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. "அண்ணா, தயவு செஞ்சு கழட்டாதீங்க."

கூரையைப் பாத்துக்கிட்டே விஷயத்தையும் சொன்னாங்க. ஆய்வுல இருக்கிறவருக்கு உடம்புல எதாவது வந்தா, அதை முதல்ல பாத்தவங்க இருபத்திரண்டு பக்கத்துல ஒரு படிவம் எழுதணும். ஒன்பது பேர்கிட்ட கையெழுத்து வாங்கணும். அது முடியற வரைக்கும் ஆய்வு நிக்கும். பாத்தவங்கதான் எழுதணும், பாக்காதவங்க எழுதக்கூடாது. அதனால அந்த மாடியில யாரும் எதையும் பாக்கிறது இல்லை. நாலு வருஷமா ஒரு படிவம் கூட எழுதாத பிரிவுன்னு போன மாசம்தான் கேடயம் குடுத்தாங்களாம், வரவேற்பறையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு.

நீங்களாவது பாக்கக்கூடாதாம்மான்னு கேட்டேன்.

"நான் ஒப்பந்தத்துல இருக்கேன் அண்ணா. உங்க காலை நான் பாத்தா, அடுத்த மாசத்துல இருந்து என்னை இங்க யாரும் பாக்க முடியாது."

அந்தம்மா மேல எனக்குக் கோபம் வரலை. கீழ இறங்கி, பழைய டோக்கன் கியூவுல நின்னேன். நூத்தி அறுபத்தி ரெண்டு. கீழ் டாக்டர் நல்ல மனுஷன், காலைப் பாத்தாரு, சீழ் பிடிக்குது, ஊசி போடணும்னு சொல்லிட்டு கம்ப்யூட்டர்ல தட்டினாரு. திரை முழுக்க சிவப்பா வந்துச்சு. நான் ஆய்வுல இருக்கிறவனாம். கிருமியைக் கொல்ற மருந்து குடுத்தா உடம்புல வீக்கம் குறையும். குறைஞ்சா அந்தப் பேரு மாத்திரைக்குப் போகாம ஊசிக்குப் போயிடும். அதனால மேல இருந்து அனுமதிக் கடிதம் வேணும். மேல போனேன். புண்ணு இருக்குன்னு பதிவு இருந்தா அனுமதி தரலாம்னாங்க. பதிவு பண்ணணும்னா யாராவது பாத்திருக்கணும். கீழ் டாக்டர் பாத்தாரே சார்னேன். அவர் பாத்தது நோயாளியோட காலை, பங்கேற்பாளரோட காலை இல்லைன்னு சின்ன டாக்டர் சொன்னாரு. ஷூ போட்டு நடந்தது யாருன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.

எங்க தெரு முனையில ஒரு கிளினிக் இருக்கு. அங்க போனேன். அந்த டாக்டர் கட்டு போட்டு விட்டாரு, மாத்திரையும் குடுத்தாரு. ஆனா புண்ணு எலும்பு வரைக்கும் போற மாதிரி இருக்கு, இங்க வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது, எக்ஸ்ரே எடுத்து நரம்பு வழியா மருந்து ஏத்தணும், பெரிய ஆஸ்பத்திரிக்கே போங்கன்னு சீட்டு எழுதினாரு. பத்து நாளைக்குள்ள பாக்கலைன்னா விரல் தங்காதுன்னும் சொன்னாரு.

சீட்டை எடுத்துக்கிட்டு மூணாவது மாடிக்கு ஓடினா, அங்க எனக்காக ஒரு அவசரக் கூட்டமே நடந்துட்டிருந்துச்சு. ஒருவேளை மனசு இறங்கிட்டாங்களோன்னு நெனச்சேன். விஷயம் வேற. ரத்தத்துல வீக்கத்தைக் காட்டுற ஒரு நம்பர் உண்டு. எனக்கு மூணுல இருந்தது முப்பத்தொண்ணுக்கு ஏறிடுச்சு. ஆனா ஸ்கேன்ல உள்தோல் தங்கமா இருக்கு. அப்போ இந்த வீக்கம் எங்க இருந்து வருது? ஒன்பது பேர் நீளமான மேஜையைச் சுத்தி உக்காந்து அதைத்தான் ஆராய்ஞ்சாங்க. ஒருத்தர் வீட்டுக்குப் புதுசா பெயின்ட் அடிச்சீங்களான்னு கேட்டாரு. இன்னொருத்தர் திருட்டுத்தனமா கீரை சாப்பிட்டேனான்னு கேட்டாரு. கீரை சாப்பிட்டா குறையத்தானே செய்யணும்னு பக்கத்துல இருந்தவர் எடுத்துக் குடுத்ததும் தலையாட்டிட்டு, அப்போ மனைவியோட சண்டையான்னு கேட்டாரு. இப்போ இல்லை சார், சாயங்காலம் வரும்னேன்.

அதுக்குள்ள ரூம்ல வாடை கிளம்பிடுச்சு. என் கால்ல இருந்துதான். ஒருத்தர் ஜன்னலைத் திறந்தாரு. ஒருத்தர் ஏசி வடிகட்டியை மாத்தணும்னு குறிச்சுக்கிட்டாரு. நான் எழுந்து, "சார், என் கால்ல புண்ணு இருக்கு"ன்னு சொன்னேன். ஒன்பது தலையும் ஒண்ணா மேல போச்சு. கூரையில ஒரு டியூப் லைட் இருந்துச்சு, அதுல ஒரு பூச்சி. ஒன்பது பேரும் அந்தப் பூச்சியைக் கவனமா பாத்தாங்க.

பெரிய டாக்டர்தான் மேல பாத்தபடியே பேசினாரு. "அவர் சொல்றதை நாம கேக்கலாம், அதுல தப்பில்லை. கேட்டதுக்குப் படிவம் கிடையாது." கடைசியில குறிப்புல என்ன எழுதினாங்கன்னா, காரணம் தெரியவில்லை.

அன்னைக்கே ஆய்வை விட்டு விலகிடறேன்னு அவர்கிட்ட தனியா சொன்னேன். அவர் என் தோள்ல கை போட்டு ஜன்னல் பக்கம் கூட்டிட்டுப் போனாரு. முகத்துல அவ்வளவு கனிவு.

"அறுபது, உங்களைத் தடுக்க எனக்கு உரிமையே கிடையாது. நீங்க எப்ப வேணும்னாலும் போகலாம், அது உங்க சுதந்திரம். அதை நாங்க பெரிய எழுத்துல அச்சடிச்சிருக்கோம். ஆனா ஒண்ணு யோசிங்க. அறுபது பேர் இருந்தா இது ஆய்வு. ஐம்பத்தொன்பது பேர்னா இது ஒரு கூட்டம். ரெண்டு வருஷ உழைப்பு, பதினாலு பேரோட பதவி உயர்வு, எல்லாம் ஒரே ஒரு ஆள் மேல நிக்குது. விரல் உங்களுக்குப் பத்து இருக்கு. எனக்கு அறுபதாம் நம்பர் ஒண்ணுதான் இருக்கு. நான் உங்களை ஒரு மனுஷனா மதிக்கிறேன், அதனாலதான் மனசு விட்டு இவ்வளவும் சொல்றேன்."

விலகல் கடிதம் குடுத்தா போதும்னு அட்டை மேடம் சொல்லியிருந்தாங்க. ஆனா விலகுறவங்களுக்கு உடம்பு முழுக்க ஒரு கடைசிப் பரிசோதனை பண்ணணும், தலையில இருந்து கால் வரைக்கும். கால்னு வந்ததும் அதைப் பண்ண ஆள் இல்லை. கடிதம் என் பையிலயே கிடந்துச்சு.

பதினோராவது வாரம், ஒரு மத்தியானம். கடையில ஒரு அம்மாவுக்கு செருப்பு மாட்டி விட்டுட்டிருந்தேன். உடம்பு நடுங்க ஆரம்பிச்சது. அந்தம்மாதான் என் நெத்தியைத் தொட்டுப் பாத்து, அப்பா, கொதிக்குதுன்னாங்க. மனைவி தைச்சதைப் பாதியில போட்டுட்டு ஓடி வந்தா, கழுத்துல அளவு டேப்போடயே. அவசரப் பிரிவுக்குக் கொண்டு போனாங்க.

அங்க இருந்த அறுவை டாக்டர் சாக்ஸை வெட்டி எடுத்துட்டு ரொம்ப நேரம் காலையே பாத்தாங்க. விரல் கறுத்துப் போயிருந்துச்சு. இதை யாருமே பாக்கலையான்னு கேட்டாங்க. மனைவி, "கூரையைத்தான் பாத்தாங்க டாக்டர், அது நல்லாருக்காம்"னா.

ஊசி எழுதினாங்க, கம்ப்யூட்டர் சிவப்பாச்சு. விரலை எடுக்கணும்னு எழுதினாங்க, பச்சையாச்சு. தடைப் பட்டியல்ல மருந்துங்கதான் இருக்கு, கத்தி இல்லை. விரலை எடுக்கணும்னு ஆனதுக்கு அப்புறம் அதே ஊசியை மறுபடி எழுதினாங்க. இந்தத் தடவை விட்டுடுச்சு. அறுவை சிகிச்சைக்கான மருந்துன்னு அது வேற கணக்காம். அதே ஊசி, அதே அளவு. மூணு வாரம் முன்னாடி இதைப் போட்டிருந்தா விரல் இருந்திருக்கும்னு அந்த டாக்டர் சொன்னாங்க. சொல்லிட்டு பேனாவைத் தூக்கி மேஜை மேல போட்டாங்க.

விரல் போச்சு. காய்ச்சலும் போச்சு. அடுத்த வாரம், பன்னெண்டாவது வாரம், படுக்கையிலயே வந்து கடைசி ரத்தம் எடுத்துட்டுப் போனாங்க. அட்டை மேடம்தான் வந்தாங்க. போர்வைக்கு வெளிய கட்டு தெரிஞ்சது. அந்தம்மா ஜன்னலைப் பாத்துக்கிட்டே எடுத்தாங்க, ஊசி ரெண்டு தடவை தப்பிப் போச்சு. கண்ணு கலங்கியிருந்துச்சு.

ரெண்டு வாரம் கழிச்சு அழைப்பிதழ் வந்துச்சு. ஆய்வு முடிவை வெளியிடற விழாவாம், பங்கேற்பாளர்களுக்குப் பாராட்டாம். நான் வேணாம்னேன். மனைவி இருக்கறதுலயே நல்ல புடவையாப் பாத்துக் கட்டிக்கிட்டு, கிளம்புங்கன்னா.

முன் வரிசையில உக்கார வெச்சாங்க. முந்நூறு பேர் இருப்பாங்க. பெரிய டாக்டர் மேடையில திரையைக் காட்டிப் பேசினாரு. அறுபது பேருக்கு அறுபது கோடு. அதுல ஒரே ஒரு கோடு மலை மாதிரி ஏறி, பன்னெண்டாவது வாரத்துல செங்குத்தா இறங்குச்சு. கீழ நம்பர் அறுபது.

"நண்பர்களே, இந்தப் பங்கேற்பாளருக்குக் காரணமே தெரியாத கடுமையான வீக்கம். நாங்க பதறலை. வேற எந்த மருந்தும் குடுக்கலை. எங்க மாத்திரையை நம்பினோம், பொறுமையா பாத்துக்கிட்டே இருந்தோம். கடைசி வாரம் பாருங்க, முப்பத்தொண்ணுல இருந்து ரெண்டுக்கு வந்துடுச்சு. இந்த இறக்கம்தான் இந்த ஆய்வோட உயிர்."

கைதட்டல் அடங்கறதுக்குள்ள என் மனைவி எழுந்துட்டா. அவளுக்கு மைக் யாரும் குடுக்கலை, தேவையும் இல்லை.

"சார், அந்த இறக்கத்துல என் வீட்டுக்காரரோட விரல் இருக்கு."

அவளே குனிஞ்சு என் ஷூவைக் கழட்டி, காலைத் தூக்கி முன்னாடி இருந்த ஸ்டூல் மேல வெச்சா. முந்நூறு பேரும் அண்ணாந்து பாத்தாங்க. அந்த மண்டபத்துக் கூரை ரொம்ப உயரம், வேலைப்பாடெல்லாம் பண்ணியிருந்தாங்க. பெரிய டாக்டரும் மேல பாத்தபடியே, நல்ல கேள்வி, கேள்விகளை எழுத்து மூலமா தரலாம்னு சொல்லிட்டு அடுத்த படத்துக்குப் போனாரு.

அப்போ ஓரத்துல நின்னுட்டிருந்த அட்டை மேடம் நடந்து வந்தாங்க. என் முன்னாடி தரையில உக்காந்தாங்க. குனிஞ்சு, என் காலை நல்லா, நேரா பாத்தாங்க. விரல் இருந்த இடத்தையும் பாத்தாங்க.

"நான் பாத்துட்டேன்"னு சொல்லிட்டு அட்டையில இருந்து படிவத்தை எடுத்தாங்க.

எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. நாங்க மூணு பேரும் காலி நாற்காலிங்களுக்கு நடுவுல உக்காந்து இருபத்திரண்டு பக்கத்தை எழுதினோம். எந்தத் தேதி, எந்த ஷூ, யார் யார் எப்போ கூரையைப் பாத்தாங்க, எல்லாம் அந்தம்மா அழகான கையெழுத்துல எழுதினாங்க. பத்தொன்பதாவது பக்கத்துல பேனா நின்னுடுச்சு. புண்ணோட இப்போதைய நிலைன்னு கேட்டு ரெண்டு கட்டம் இருந்துச்சு. ஒண்ணு, ஆறிவிட்டது. இன்னொண்ணு, ஆறவில்லை. மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். புண்ணு ஆறலைன்னு சொல்ல முடியாது, அது இல்லை. ஆறிடுச்சுன்னும் சொல்ல முடியாது. மனைவி பேனாவை வாங்கி, ரெண்டு கட்டத்துக்கும் நடுவுல இருந்த இடத்துல "விரலே இல்லை"ன்னு எழுதினா.

நாலு நாள்ல படிவம் திரும்பி வந்துடுச்சு. கட்டத்துக்கு வெளிய எழுதினா செல்லாதாம். கூடவே ஒரு வெத்துப் படிவம், ஒரு கடிதம். இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள சரியா நிரப்பி அனுப்பலைன்னா எந்தப் பாதிப்பும் நடக்கலைன்னு எடுத்துக்குவாங்களாம். கீழ கையெழுத்து போட்டிருந்தது எனக்குத் தெரியாத ஒரு புது ஆள். அட்டை மேடத்துக்கு போன் பண்ணிப் பாத்தேன். வேற வேலை தேடிட்டிருக்காங்களாம். கால் எப்படி இருக்கு அண்ணான்னு கேட்டாங்க.

இன்னைக்கு வியாழக்கிழமை. இருபத்திரண்டு பக்கத்தையும் மறுபடி எழுதி முடிச்சாச்சு. மனைவி துணி வெட்டுற மேஜையில பத்தொன்பதாவது பக்கத்தை விரிச்சு, ஸ்கேலை வெச்சு, பழைய ரெண்டு கட்டத்துக்குக் கீழ மூணாவதா ஒரு கட்டம் போட்டுக்கிட்டிருக்கா. மத்த ரெண்டும் என்ன அளவோ அதே அளவு. கோடு நேரா வரணும்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கா, அதனால நானும் பேசாம உக்காந்திருக்கேன்.